போர் நடத்தும் சர்வாதிகார அரசுக்குள் இருப்பவர்கள் ஏன் வெளியே வருவதில்லை?

ரஷ்யாவையும் சிரியாவையும் சொல்லி, "ஆயிரக்கணக்கான அதிகாரிகள் இருக்கிறார்கள். நடப்பது தப்பு என்று தெரிந்தும் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விலகி வருகிறார்கள்? மற்றவர்களெல்லாம் உண்மையிலேயே விசுவாசிகளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புதுச்சேரிக்காரன். இதே கேள்வியை எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பல வருடம் பேசியிருக்கிறார்கள். அதனால் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

என் தாத்தாவும் அவர் தம்பியும் பிரெஞ்சு சர்க்கார் குமாஸ்தாக்கள். தாத்தா சைகோனில் (இன்றைய வியட்நாம், அப்போது பிரெஞ்சு ஆட்சி), சுங்க இலாகாவில். சின்னத் தாத்தா உள்ளூரிலேயே, புதுச்சேரியில். அந்தக் காலத்தில் நாலு எழுத்துப் பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள் கப்பலேறி சைகோனுக்குப் போய் குமாஸ்தா, போலீஸ், சுங்கம் என்று உட்காருவது வழக்கம். ஆயா, அதாவது என் பாட்டி, குழந்தைகளோடு இங்கே. மாதாமாதம் சைகோனிலிருந்து பணம் வரும்.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. 22-ஆம் தேதி போர்நிறுத்தக் கையெழுத்து. ஜூலை 10 அன்று விஷி என்ற ஊரில் கூடிய பிரெஞ்சு நாடாளுமன்றம், கிழவர் மார்ஷல் பெத்தேன் கையில் முழு அதிகாரத்தையும் கொடுத்தது. ஆதரவு 569, எதிர்ப்பு 80. லண்டனிலிருந்து "போர் முடியவில்லை" என்று வானொலியில் பேசிய ஜெனரல் டி கோலுக்கு ஆகஸ்டில் மரண தண்டனை விதித்தார்கள், ஆள் இல்லாமலே. அன்றைய சட்டப்படி விஷி, அதாவது பெத்தேன் ஆட்சிதான் அரசு, டி கோல் ஓடிப்போன துரோகி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நமக்கு முடிவு தெரியும், அன்று யாருக்கும் தெரியாது.

இங்கே கவர்னராக இருந்தவர் லூயி போன்வேன். ஆங்கிலேயரோடு சேர்ந்து போரைத் தொடர விரும்புவதாக ஜூனிலேயே சொன்னவர், டி கோல் பக்கம் என்று முறைப்படி அறிவித்தது செப்டம்பரில். அவர் செய்தது துணிச்சல்தான். ஆனால் வரைபடத்தையும் பாருங்கள். புதுச்சேரியைச் சுற்றிலும் ஆங்கிலேயர் பூமி. இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கடலூர், அங்கே ஆங்கிலேய கலெக்டர். விஷியோடு நின்றிருந்தால் புதுச்சேரிக்கு அரிசி எந்த வழியில் வந்திருக்கும்? ஆப்பிரிக்காவில் முதலில் டி கோல் பக்கம் வந்த சாடு நாட்டுக்குப் பக்கத்திலும் ஆங்கிலேயரின் நைஜீரியா இருந்தது. சாடில் கவர்னர் ஃபெலிக்ஸ் எபுவே. அப்படிப்பட்ட நெருக்கடி இல்லாத டக்கார், மேற்கு ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுத் துறைமுகம், அதே செப்டம்பரில் டி கோலின் கப்பல்களைப் பார்த்துச் சுட்டது.

சைகோன் கதை வேறு. அங்கே கவர்னர் ஜெனரலாக இருந்த கத்ரூவைப் பெத்தேன் அரசு நீக்கிவிட்டு, ஜூலையில் அட்மிரல் தெக்கூவை உட்கார வைத்தது. கத்ரூ ஐந்து நட்சத்திர ஜெனரல். பிறகு அவர் லண்டன் போய், இரண்டே நட்சத்திரம் வைத்திருந்த டி கோலின் கீழ் வேலை செய்ய ஒப்புக்கொண்டார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. தெக்கூவோ விஷிக்காரராகவே நின்றார். ஜப்பான் படையையும் உள்ளே வைத்துக்கொண்டு 1945 மார்ச் 9 வரை ஆண்டார். அன்று ராத்திரி ஜப்பான்காரர்களே அவரைத் தூக்கி எறிந்தார்கள்.

ஆக, என் தாத்தா பெத்தேன் ஆள். சின்னத் தாத்தா டி கோல் ஆள். இரண்டு பேரும் தங்கள் நாற்காலியை விட்டு அரை அடிகூட நகரவில்லை. மேலே இருந்த கவர்னர் எந்தப் பக்கம் திரும்பினாரோ, அந்தப் பக்கம் இவர்கள் பெயரும் எழுதப்பட்டது. போர் முடிந்ததும் தாத்தாவை ஒரு விசாரணைக் குழு கூப்பிட்டு "ஏன் கையெழுத்துப் போட்டாய்?" என்று கேட்டது. பதவி உயர்வு தள்ளிப்போனது. சின்னத் தாத்தாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு போவார். அவரே ஒருநாள் சொன்னார்: "நான் என்னத்தப் பண்ணிட்டேன்? அண்ணன் இங்க இருந்திருந்தா நான் அங்க இருந்திருப்பேன்."

அந்தக் கையெழுத்து என்ன என்று சொல்கிறேன். 1941-இல் விஷி அரசு அமைச்சர்களில் ஆரம்பித்து, ராணுவம், நீதிபதிகள், கடைசியில் அரசு ஊழியர்கள் வரை விசுவாசப் பிரமாணம் வாங்கியது. நாட்டின் பெயராலோ சட்டத்தின் பெயராலோ இல்லை, அரசுத் தலைவர் என்ற அந்த ஒரு ஆளின் பெயரால். பிரான்சில் இருந்த நீதிபதிகளில் மாட்டேன் என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான், போல் திதியே. அவரைப் பதவியிலிருந்து இறக்கி முகாமில் அடைத்தார்கள். தாத்தா சொல்வார்: "வரிசையா நின்னோம்டா. பேனா ஒண்ணுதான். எனக்கு முன்னாடி நின்னவன் போட்டுட்டு, பேனாவத் திருப்பிப் புடிச்சு மரியாதையாக் குடுத்தான். அவன் போட்ட மை காயல. அதுல என் கை பட்டு இழுத்துடக் கூடாதேன்னுதான் அப்போ நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கல."

விசுவாசம் என்று வெளியே தெரிவதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் எண்ணம். வரிசை, பேனா, முன்னால் நிற்பவன் போட்டுவிட்டான், பின்னால் நிற்பவன் பார்க்கிறான்.

அதற்கு மேல் குடும்பம். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லருக்குக் குண்டு வைத்த ஸ்டாஃபன்பெர்க்கைச் சுட்டுக் கொன்றதோடு நிறுத்தவில்லை. கர்ப்பிணி மனைவியைச் சிறையில் போட்டு, பிள்ளைகளின் குடும்பப் பெயரையே மாற்றி ஒரு விடுதியில் அடைத்தார்கள். 2012 ஆகஸ்டில் சிரியாவின் பிரதமர் ரியாத் ஹிஜாப், பதவிக்கு வந்து இரண்டே மாதத்தில் ஜோர்டானுக்குப் போனபோது குடும்பத்தையும் கூட்டிக்கொண்டுதான் போனார். உக்ரைன் போரை எதிர்த்து 2022 மே மாதம் பதவி விலகிய ரஷ்யத் தூதரக அதிகாரி போரிஸ் போந்தரேவ் அப்போது ஜெனீவாவில் வேலை பார்த்தவர். ராணுவத்தைப் பற்றிப் "பொய்ச் செய்தி" பரப்பினால் 15 வருடம் வரை சிறை என்று அந்த மார்ச்சிலேயே சட்டம் வந்துவிட்டது. மாஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு அதே கடிதத்தை எழுத எத்தனை பேரால் முடியும்? அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. கதவு எங்கே திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கதவு திறந்தாலும் எல்லோரும் வருவதில்லை, அதுவும் உண்மை. 1941-இல், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சிரியாவில் விஷிப் படையும் டி கோல் படையும் மோதின. பிரெஞ்சுக்காரனைப் பிரெஞ்சுக்காரன் சுட்டான். விஷி தோற்ற பிறகு, "எங்களோடு சேரலாம், இல்லையென்றால் ஊருக்குப் போகலாம்" என்று கேட்டார்கள். சுமார் 38,000 பேரில் சேர்ந்தவர்கள் 6,000-க்கும் குறைவு. அதற்கு முந்தைய வருடம் அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்தில் ஆங்கிலேயர் குண்டு போட்டு 1,297 பிரெஞ்சு மாலுமிகள் செத்திருந்தார்கள். அந்தக் கோபம் பலருக்கு ஆறவே இல்லை. வீடு, சம்பளம், கூட நின்றவன், செத்த நண்பன் எல்லாம் சேர்ந்துதான் ஒருவன் காலைப் பிடித்து இழுக்கிறது.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தப் பிரான்சுக்கு விசுவாசம்? 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் 12 பேரைப் புதுச்சேரியில் சுட்டுக் கொன்றபோது இருந்தது விஷி இல்லை, குடியரசு. சுதந்திர பிரான்ஸ் என்ற பெயரில் இங்கே ஆண்ட டி கோல் ஆட்களும் நமக்குச் சுதந்திரம் கொடுக்க வரவில்லை. தாத்தா தலைமுறையில் பலருக்கு அது எஜமானர்கள் வீட்டுச் சண்டை.

ஆனாலும் தாத்தா தன்னை மன்னிக்கவில்லை. கையெழுத்தால் இல்லை. அவருடைய பிரெஞ்சு மேலதிகாரியை வேலையை விட்டு நீக்கினார்கள். ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் இருந்தார், டி கோல் ரேடியோ கேட்டார் என்று புகார். மறுநாள் காலை மேசை காலி. அந்த மனிதர் பார்த்த பதிவேடுகளைத் தாத்தாவிடமே கொடுத்தார்கள், அவரும் வாங்கி எழுதினார். அதன்பிறகு அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது தாத்தா தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தாராம். அலுவலகமே அப்படி நடந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். கையெழுத்துக்குப் பயம் காரணம், அதற்கு எதுவுமே காரணம் இல்லை, யாரும் அப்படி நடக்கச் சொல்லவில்லை என்பார்.

அந்த வீட்டுக்குப் போனது ஒரே ஒருவர். முத்தியால்பேட்டையைச் சேர்ந்த பியூன். வாரம் ஒருமுறை, துணிப்பையில் காய்கறி போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், முன்வாசல் வழியாக. ஏன் போகிறாய் என்று மேலே கூப்பிட்டுக் கேட்டபோது, "முசே வீட்டுக்கு நான் எப்பவும் போறதுதானே" என்றாராம். பெத்தேனும் தெரியாது, டி கோலும் தெரியாது. நேற்று வரை செய்ததை இன்றைக்கு நிறுத்தவில்லை, அவ்வளவுதான். அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். போவதை அவர் நிறுத்தவில்லை.

நீங்கள் கேட்ட அந்த விரல்விட்டு எண்ணும் ஆட்களோடு அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

பின்னாளில் அவர் ஊர் திரும்பி, எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வருவார். தாத்தாவைவிடப் பத்து வயது சின்னவர். அவர் தெருமுனையில் வருவது தெரிந்ததுமே தாத்தா, எழுபது தாண்டிய வயதில், தூணைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலிருந்து எழுந்து நிற்பார். கவர்னர் ஆபீசுக்காரர்கள் வந்தாலே எழாத மனிதர். நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது, "அவருக்கு மட்டும் ஏன் தாத்தா எழுந்துக்கிற?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் இதையெல்லாம் சொன்னார்.