டவுட்டா, சஸ்பெக்டா?

கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மழையில் அட்டைப்பெட்டிகள் நனைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், லண்டனில் உள்ள பையருக்கு 'ஐ டவுட் த கார்ட்டன்ஸ் காட் வெட்' என்று மெயில் போட்டேன். 'குட், தேங்க்ஸ்' என்று பதில் வந்தது. என்ன தப்பு செய்தேன்?

பதில்: முதலில் அவருக்கு இன்னொரு மெயில் போடுங்கள். பெட்டிகள் நனையவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்!

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. பொருள்தான் தலைகீழாகிவிட்டது. 'அவன் வருவானா, சந்தேகம்தான்' என்றால் வரமாட்டான் என்று நினைக்கிறோம். 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்' என்றால் எடுத்தான் என்றே நினைக்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் முதலாவது டவுட், இரண்டாவது சஸ்பெக்ட். எழுதும் முன் மனசுக்குள் கேட்டுப் பாருங்கள்: 'நடந்திருக்காது' என்று தோன்றினால் டவுட், 'நடந்திருக்கும்' என்று தோன்றினால் சஸ்பெக்ட். கெட்ட செய்தி என்பதால் இங்கே இன்னும் பொருத்தமானது, 'ஐ ஆம் அஃப்ரெய்ட் த கார்ட்டன்ஸ் மே ஹேவ் காட் வெட்'. இந்த அஃப்ரெய்டில் பயம் எதுவும் இல்லை. 'வருத்தத்தோடு சொல்கிறேன்' என்கிற அளவுதான்.

விளக்கம் கேட்க 'ஐ ஹேவ் எ டவுட்' என்பது நம் வகுப்பறைப் பழக்கம். வெளிநாட்டுக்காரருக்கு அது, அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்பதுபோலக் கேட்கலாம். அங்கே 'கொஸ்டின்' போதும்.

இதே மாதிரி கவிழ்க்கும் இன்னொன்று, 'வுட் ஹேவ்'. 'பார்சல் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும்' என்பதற்கு 'த பார்சல் வுட் ஹேவ் ரீச்ட்' என்று எழுதுகிறோம். படிப்பவரோ, 'சேர்ந்திருக்கும், ஆனால்...' என்று மீதிக்குக் காத்திருப்பார். பெரும்பாலும் நடக்காமல் போனதற்கு வரும் வடிவம் அது. கணக்குப்படி சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் உறுதி இல்லை என்றால் 'ஷுட் ஹேவ் ரீச்ட் யூ பை நௌ'. டிராக்கிங்கில் டெலிவரி என்று பார்த்துவிட்டீர்கள், பையர் இன்னும் சொல்லவில்லை என்றால் 'மஸ்ட் ஹேவ் ரீச்ட் யூ'. அந்த 'யூ'வை விட்டுவிடாதீர்கள். ரீச்சுக்குப் பின்னால் யாரை, எதை என்று வர வேண்டும்.

மஸ்ட் என்று ஊகிக்கிறோமே, அதன் எதிர்மறை மஸ்ட் நாட் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 'இது எங்கள் லாட்டாக இருக்க முடியாது' என்பதற்கு 'திஸ் கான்ட் பி அவர் லாட்'. நம் 'முடியாது' அப்படியே பொருந்துகிறது. மஸ்ட் நாட் போட்டால் 'இருக்கக் கூடாது' என்று தடை போட்டதாகிவிடும்.

மேபி ஒரே சொல்லாக இருந்தால் 'ஒருவேளை'. பெரும்பாலும் வாக்கியத்தின் முதலில் வரும். மே, பி என்று பிரித்தால் முன்னால் எழுவாய் வேண்டும். 'ஹி மே பி கம்' என்பது எந்தக் கணக்கிலும் சேராது. 'ஹி மே கம்' என்று எழுதுங்கள்.