தொலேதோவில் ஒரு ராத்திரி: வாசகர் கேள்வி – பதில்

ஸ்பெயினின் பழைய தலைநகரம் தொலேதோ. அங்கே குறைந்த வாடகை விடுதியில் தங்குவது பற்றி இந்த மாதம் ஏழு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே ஊர் என்பதால் ஒன்றாகவே பதில் தருகிறோம்.

பனியன் ஆர்டர் விஷயமா மாட்ரிட் போறேனுங்க. வேலை வெள்ளிக்கிழமை முடிஞ்சுரும். திங்கட்கிழமை ராத்திரிதான் ஃபிளைட்டு. தொலேதோவைக் காலையில போய்ப் பாத்துட்டு பொழுதோட திரும்பிறலாம்னு சொல்றாங்க. அங்கயே தங்கோணுமுங்களா?
– ஏற்றுமதியாளர், திருப்பூர்

தங்குங்கள். மாட்ரிட் அதோச்சா ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்துக்குச் சற்று கூடுதல், அவ்வளவுதான். அதனாலேயே பகலில் ஊர் திணறுகிறது. முற்பகலில் சுற்றுலாப் பேருந்துகள் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கும். பொழுது சாயும்போது அத்தனை பேரும் மாட்ரிட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகிறது. தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் பாறைக் குன்றின்மேல் கட்டிய நகரம் இது. ராத்திரி சான் மார்த்தீன் பாலத்தில் நின்றால் கீழே ஆற்றின் இரைச்சல் தெளிவாகக் கேட்கும். பகல் பயணிக்கு இது கிடைக்காது.

எந்த ராத்திரி என்பதுதான் முக்கியம். சனிக்கிழமை மாட்ரிட்காரர்களே குடும்பத்தோடு வந்து தங்குவார்கள், வாடகை ஏறும். ஞாயிறு இரவு அவர்கள் கிளம்பிவிடுவதால் அதே அறை பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். உங்களுக்குத் திங்கள் இரவுதான் விமானம் என்பதால் ஞாயிறு இரவே பொருந்தும். ஆனால் பார்க்கும் வரிசையை மாற்ற வேண்டும். ஓவியர் எல் கிரேக்கோவின் அருங்காட்சியகமும், எல் த்ரான்சிதோ யூத ஆலயத்தில் உள்ள அருங்காட்சியகமும் ஞாயிறு மதியம் 3 மணியோடு மூடப்படும், திங்கள் முழு விடுமுறை. கதீட்ரலோ ஞாயிறு காலை பூசைக்காகச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்காது, மதியம் 2 மணிக்கு மேல்தான். எனவே காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து, பையை விடுதியில் போட்டுவிட்டு அருங்காட்சியகங்களை முடியுங்கள், அப்புறம் கதீட்ரல். 1226இல் தொடங்கி 1493 வரை கட்டிய கோயில் அது, இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுதான், நின்றுகொண்டு போக முடியாது. திங்கள் காலை வேலைக்குப் போகிறவர்கள் மாட்ரிட் பக்கம் நிறைப்பார்கள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

புக்கிங் பாக்கறப்ப 'ஹோஸ்தால்'னு போட்டிருக்குது. பத்துப் பேரோட அடுக்குக் கட்டில்ல படுக்கற ஹாஸ்டலுங்களா? நானும் வீட்டுக்காரரும் அம்மாவும் போறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி வேற.
– குடும்பத் தலைவி, ஈரோடு

இல்லைங்க. இது பலரையும் குழப்பும் சொல். ஹோஸ்தால் என்பது குடும்பம் நடத்தும் சின்ன விடுதி, உங்களுக்குத் தனி அறை, தனிப் பூட்டு. அடுக்குக் கட்டில் இடத்துக்கு அங்கே 'அல்பெர்கே' என்று பெயர். வாசலில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் தரம் போட்டிருக்கும்: தனி எச் என்றால் ஹோட்டல், எச்சுடன் சின்ன எஸ் சேர்ந்தால் ஹோஸ்தால், பி என்றால் பென்சியோன். பென்சியோன் இன்னும் எளிமையானது, குளியலறை பொதுவாக இருக்கலாம்.

பதிவு செய்யும் முன் அறைக் குறிப்பில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். 'மாத்ரிமோனியோ' என்றால் ஒரே பெரிய கட்டில். அகலம் 135 செ.மீ. என்று இருந்தால் நம் ஊர் டபுள் காட்டைவிடக் குறுகல், 150 என்றால் தாராளம். 'தோஸ் காமாஸ்' என்றால் 90 செ.மீ. அகலத்தில் இரண்டு தனிக் கட்டில்கள். 'பான்யோ கொம்பார்த்திதோ' என்றால் குளியலறையைப் பிறரோடு பகிர வேண்டும். குளியலறை உங்களுக்கே உரியதாக இருந்தும் அறைக்கு வெளியே நடைவழியில் இருப்பதும் உண்டு. ராத்திரி இரண்டு முறை எழும் பெரியவர்களுக்கு அது சிரமம். மூன்றாம் ஆளுக்கு 'சுப்ளெத்தோரியா' போடுகிறோம் என்றால் அது மடக்குக் கட்டில். அதில் அம்மாவைப் படுக்க வைக்காதீர்கள்.

'இந்தேரியோர்' அறையின் ஜன்னல் கட்டடத்தின் நடுவே உள்ள காற்றுக் கூண்டைப் பார்த்திருக்கும். வெளிச்சமும் காட்சியும் இருக்காது, தூக்கம் கெடாது. 'எக்ஸ்தேரியோர்' தெருவைப் பார்த்தது. வெள்ளி, சனி ராத்திரிகளில் கல் பாவிய குறுகலான தெருவில் நாலு பேர் பேசிக்கொண்டு போனாலே இரண்டு சுவருக்கும் நடுவே சத்தம் எகிறும். அம்மா கூட வருவதால் எங்கள் யோசனை இந்தேரியோர்தான்.

முழங்கால் வலிக்கு முதலில் கேட்க வேண்டியது லிஃப்ட். பழைய கட்டடங்களில் பல இடங்களில் அது கிடையாது. மாடி எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். தரைத்தளத்துக்கு மேல் 'எந்த்ரெசுவேலோ', அதற்கு மேல் 'பிரின்சிபால்' என்று இரண்டு தளங்கள் கணக்கில் வராமலே சில கட்டடங்களில் இருக்கும். அப்புறம்தான் 'முதல் மாடி' தொடங்கும். அதனால் எந்த மாடி என்று கேட்காமல், தெருவிலிருந்து அறைவரை எத்தனை படி என்று எழுதிக் கேளுங்கள்.

விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் கட்டாயமா? அங்கே போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை

கட்டாயம். ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா ஷெங்கன் விசா. அதற்கு ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். பதிவுத் தாளில் போகிறவர்கள் எல்லாருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். கணவர் பெயரில் மட்டும் எடுத்துவிட்டு மனைவியின் விண்ணப்பத்தில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. விசா கிடைக்கும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையையே எடுங்கள். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

விடுதியில் பாஸ்போர்ட்டைப் பார்த்து விவரம் பதிந்துகொண்டு கையோடு திருப்பித் தருவார்கள். விருந்தினர் விவரங்களை உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்புவது அங்கே சட்டம். 2024 டிசம்பரிலிருந்து கேள்விகள் கூடிவிட்டன: வீட்டு முகவரி, கைப்பேசி, பணம் கட்டும் முறைகூடக் கேட்பார்கள். 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கார்டு மெஷின் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் யூரோவையே அமுக்குங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையில் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள்.

எங்க ஃபிளைட்டு மாட்ரிட்ல ராத்திரி 8 மணிக்கு எறங்குதுங்க. நேரா தொலேதோ போய்ப் படுத்துக்கலாமுங்களா? ரெண்டு பெரிய ட்ராலி பேக் இருக்குது.
– ஜவுளி வியாபாரி, கரூர்

வேண்டாங்க. முதல் ராத்திரி மாட்ரிட்டிலேயே படுங்கள். குடிநுழைவு வரிசை, பை வரும் நேரம், விமான நிலையத்திலிருந்து அதோச்சா போகும் நேரம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். தொலேதோ ரயில் நள்ளிரவு வரை ஓடுவதில்லை.

ரயில் கிடைத்தாலும் அடுத்த சிக்கல் கதவு. சின்ன ஹோஸ்தாலில் ராத்திரி முழுக்க ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. பத்து மணிக்கோ பதினொன்றுக்கோ வரவேற்பு மேசையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாமதமாகும் என்றால் முந்தின நாளே செய்தி அனுப்பி, வாசற்கதவின் எண்ணையும் சாவி இருக்கும் இடத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சொல்லாமல் தாமதித்தால் 'வரவில்லை' என்று கணக்கெழுதி அறையை விட்டுவிடலாம், கார்டில் பணமும் பிடிபடும்.

வாசலில் விடுதிப் பெயரைத் தேடி ஏமாறுகிறவர்கள் பலர். கட்டடம் முழுக்க விடுதி இல்லை, பெரும்பாலும் ஒரு மாடி மட்டும்தான். முகவரியில் வீட்டு எண்ணுக்குப் பின் வரும் 2 என்பது மாடி. அதையடுத்து 'இஸ்கியேர்தா'வின் சுருக்கம் இருந்தால் இடது கதவு, 'தெரேச்சா'வின் சுருக்கம் இருந்தால் வலது கதவு. தெருக்கதவின் பக்கத்தில் உள்ள பித்தான் பலகையில் அந்த மாடிப் பித்தானை அமுக்குங்கள். 'ட்ர்ர்' என்று சத்தம் வரும்போதே கதவைத் தள்ள வேண்டும், சத்தம் நின்றால் மறுபடி பூட்டிக்கொள்ளும். மாடிப்படி விளக்கு சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும். கும்மிருட்டில் நின்றால் பயப்படாதீர்கள். சுவரில் மினுக்கும் சின்னப் பித்தானை அமுக்கினால் மறுபடி எரியும்.

ட்ராலி பேக் தொலேதோவுக்கு ஒத்துவராது. ஸ்டேஷன் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. அல்காந்தாரா பாலம் தாண்டி, பழைய ஊருக்குள் இருக்கும் சொகொதோவேர் சதுக்கம் வரை முழுக்க ஏற்றம். தெருக்களில் உருண்டைக் கல் பாவியிருப்பதால் சின்னச் சக்கரம் சிக்கி அச்சு உடையும். ஸ்டேஷனிலிருந்து டவுன் பஸ் அல்லது டாக்ஸி பிடித்து மேலே போங்கள். பெரிய பைகளை மாட்ரிட் விடுதியில் விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு போவது இன்னும் நல்லது.

குளிக்க வாளி, மக்கு இருக்குமுங்களா? சுடுதண்ணி?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

இரண்டும் இருக்காது. ஷவர்தான். குழாயில் 'சி' எழுத்தைப் பார்த்துக் குளிர்ந்த நீர் என்று திறந்துவிடாதீர்கள்! அங்கே சி என்றால் 'கலியெந்தே', அதாவது சுடுதண்ணி. 'எஃப்' என்பதுதான் பச்சைத் தண்ணீர்.

அதைவிட முக்கியம்: ஷவர் தொட்டிக்கு வெளியே குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது. நம் வீட்டுப் பழக்கத்தில் வெளியே நின்று மொண்டு ஊற்றினால் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும், இழப்பீடும் கேட்பார்கள். திரையின் அடி ஓரம் தொட்டிக்கு உள்ளே தொங்கும்படி விட்டுக் குளியுங்கள். அறைக்குத் தனி ஹீட்டர் வைத்திருக்கும் இடங்களில் 50 லிட்டர் தொட்டி என்றால், பச்சைத் தண்ணீர் கலந்து ஒன்பது பத்து நிமிடம் வரும். தொட்டி மறுபடி சூடாக நேரம் பிடிக்கும், ஒருவர் குளித்தபின் ஒன்றரை இரண்டு மணி நேரம் விட்டு அடுத்தவர் குளியுங்கள். டாய்லெட்டுக்குக் காகிதம்தான், சின்ன பிளாஸ்டிக் மக்கு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் எடுத்து விடுதி வாசல் வரைக்கும் போக முடியுமுங்களா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பழைய ஊருக்குள் வெளிவண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். விடுதிக்காரர் முன்கூட்டியே உங்கள் எண்ணைப் பதிய முடியுமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அபராதம் வாடகைக் கம்பெனி வழியாக வந்து சேரும். அனுமதி கிடைத்தாலும் இரு பக்கமும் கண்ணாடி உரசும் சந்துகள்தான். வண்டியைக் கோட்டை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ரெக்காரெதோ சாலையோர எஸ்கலேட்டரில் மேலே போங்கள். அது ராத்திரி முழுக்க ஓடாது. நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

நாங்க முட்டைகூடத் தொடாத சைவமுங்க. அறையில சின்ன ரைஸ் குக்கர் வெச்சு அரிசியும் பருப்பும் சோறு ஆக்கிக்கலாமுங்களா? என்னென்ன எடுத்துட்டுப் போகோணும்?
– தென்னந்தோப்பு விவசாயி, பொள்ளாச்சி

ஆக்க முடியாதுங்க. சின்ன ஹோஸ்தால்களில் அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள், புகை உணர்கருவி கத்தினால் மாடி முழுக்க எழுந்து வரும். மின்சாரமும் இடம் கொடுக்காது. அங்கே ஒவ்வோர் இணைப்புக்கும் இத்தனை கிலோவாட் என்று ஒப்பந்தம், தாண்டினால் தானே அணையும். குளிருக்கான ஹீட்டர் ஓடும்போது 1,500 வாட் கெட்டிலைச் சொருகினால் பக்கத்து அறையும் சேர்ந்து இருண்டுபோகும். அழுத்தம் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான், ஆனால் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. ஃபோன் சார்ஜரின் இரண்டு முள் நுழையும்.

அடுப்பே இல்லாமல் நடத்தலாம். கெட்டி அவல் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம். கழுவிப் பிழிந்து, குழாய்த் தண்ணீரைத் தெளித்து 15 நிமிடம் மூடி வைத்தால் பூத்துவிடும். தொலேதோவில் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கடையில் 'யோகூர் நாத்துரால்' என்று வாங்கினால் இனிப்பில்லாத தயிர். அவலில் கலந்து மாங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டால் ஒரு ராத்திரிச் சாப்பாடு ஆச்சு. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, நல்லெண்ணெய் கொண்டு போகலாம், எண்ணெயை மட்டும் செக்-இன் பையில் வையுங்கள். நெய், பால்கோவா, பன்னீர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால் பொருள்களை ஐரோப்பாவுக்குள் பயணிகள் எடுத்துவரத் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் போகாது. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், தயிரைச் சனிக்கிழமையே வாங்குங்கள்.

வெளியே சாப்பிடும்போது 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'கார்னே' (இறைச்சி) வேண்டாம் என்றால் பன்றித் தொடைத் துண்டுகளையும் சூரை மீனையும் இறைச்சியாகக் கணக்கில் எடுக்காமல் தட்டில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: 'சின் ஹமோன், சின் அத்தூன், சின் உவேவோ', அதாவது பன்றி, சூரை, முட்டை இல்லாமல். 'தோர்த்தியா' என்று அட்டையில் பார்த்து நம் சப்பாத்தி மாதிரி என்று கேட்டுவிடாதீர்கள், அது உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை. கத்தரி, குடைமிளகாய், தக்காளி வதக்கிய 'பிஸ்தோ' நம் வாய்க்கு ஒத்துவரும், மேலே முட்டை வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மதியச் சமையல் 2 மணியிலிருந்து 4 வரை, ராத்திரி எட்டரைக்கு மேல்தான். நடுவில் பசித்தால் சூடாக எதுவும் கிடைப்பது கஷ்டம்.

விடுதிக் கட்டணத்தில் காலை உணவைச் சேர்க்காதீர்கள். தெருமுனை பாரில் 'தொஸ்தாதா கொன் தொமாத்தே' கேளுங்கள். சுட்ட ரொட்டி, வதக்காமல் துருவிய தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு. எண்ணெய்ப் பாட்டிலை மேசையிலேயே வைத்துவிடுவார்கள். உங்கள் இட்லிப்பொடியை ஒரு ஸ்பூன் அதன்மேல் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள்.