கீழ்வீட்டு அம்மாவைக் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில், லைப்சிக் நகரில் முதுகலை படிக்கிறேன். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கிளம்பிவிடுவேன். பெர்லின், டிரெஸ்டன், பிராக், கொலோன் தேவாலயம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் எழுத உட்கார்ந்தால் ‘அழகு’, ‘சுத்தம்’, ‘ஒழுங்கு’ இவற்றைத் தாண்டி ஒரு வரி வரவில்லை. மனிதர்களைப் பற்றி எழுதலாம் என்றால் யாரும் ஒட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அன்று வாஷிங்மெஷின் போட்டேன் என்று கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டிக் கண்டித்துவிட்டுப் போனார். எழுபது வயது இருக்கும். இவர்களுக்கு ஈரமே கிடையாதோ என்று தோன்றுகிறது. நான் எதை எழுதுவது?

ம., லைப்சிக்

அன்புள்ள ம.,

கீழ்வீட்டு அம்மாவை எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் உயிரோடு நடமாடுகிற ஒரே ஆள் அவர்தான்.

ஞாயிறு ஓய்வு ஜெர்மனியின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பில் இருந்த பிரிவை 1949-இல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கடையில் நிற்கும் பெண்ணும் அன்று வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிடலாம். தீபாவளிக்கு முந்தைய தி.நகரை நினைத்தால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் இது சட்டம் சொல்லும் காரணம். அந்த அம்மாவுக்கு ஞாயிறு என்றால் என்ன என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் கேளுங்கள். 1989 அக்டோபர் 9 மாலை அவர் எங்கே இருந்தார்? அன்று திங்கட்கிழமை. உங்கள் ஊர் அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியில் இருந்தது; அந்த ஆட்சியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கிய காலம். நிகோலாய் தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்து வெளியே வந்த கூட்டம் சேரச் சேர 70,000 பேராகி, உங்கள் ஊரின் வட்டச்சாலையில் நடந்தது. ஆயுதத்தோடு போலீஸ் காத்திருந்தது. நான்கு மாதம் முன்புதான் சீனாவில், தியானன்மென் சதுக்கப் போராட்டக்காரர்களைச் சுட்டிருந்தார்கள். அது எல்லோர் மனதிலும் இருந்தது. பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று அன்று யோசித்த தாய்மார்கள் எத்தனை பேரோ! துப்பாக்கி வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அப்போது உங்கள் கீழ்வீட்டு அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுபோல இருக்கும். அவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், பயந்து வீட்டில் இருந்திருக்கலாம், எதிர்ப்பக்கமே நின்றிருக்கலாம். எதுவானாலும் அதைக் கேட்காமல் ஈரமில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் இருக்கும் அதே சாக்சனி மாநிலத்தில், புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர் பாதிரியார் சீகன்பால்கு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். பிறகு தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே அவை அச்சாயின. வெள்ளைக்காரர்களின் நடத்தையைக் குறைசொல்லும் பதில்களும் அவற்றில் உண்டு. மதம் மாற்ற வந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கேட்டார், கேட்டதை எழுதினார். நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலை மட்டும் ஹாலேயில் அச்சிடவில்லை. 1867-இல்தான், அதுவும் சென்னையில், அது அச்சேறியது.

ஹாலே உங்களுக்குப் பக்கம். ரயிலில் போய் அன்றே திரும்பிவிடலாம். அந்தக் கடிதங்களை அச்சிட்டது 1698-இல் ஃபிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய நிறுவனம். அங்கே, பழைய அனாதை இல்லத்தின் மேல்மாடியில் ஓர் அரும்பொருள் கூடம் இருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பிராகுக்கு முன்பே நீங்கள் அங்கே போயிருக்க வேண்டும் என்பேன்.

நிகோலாய் தேவாலயத்தில் இன்றும் திங்கள் மாலை 5 மணிக்கு அந்தப் பிரார்த்தனை நடக்கிறது. ஒருமுறை போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். அடுத்து வீட்டில் ஏதாவது இனிப்பு செய்தால் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே போங்கள், ஞாயிறு அல்லாத ஒரு நாளில். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள். இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்