கொழும்புப் பயணமும் பிள்ளைகளும்
திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வான் வண்டியில் போகும்போது போனைக் கொடுத்தால் மகளுக்குச் சத்தி, பறித்தால் மகன் அழுகை என்று எழுதியிருந்தீர்கள். மகனுக்கும் கொடுக்காதீர்கள். கண் அசையாத திரையைப் பார்க்க, உட்காது வண்டியின் ஆட்டத்தை உணர்கிறது, குமட்டல் அதனால்தான். பாட்டுக் கேட்கலாம், பரவாயில்லை.

விடியவே வெளிக்கிடுங்கள். கந்தளாய்க் குளத்தடியில் இறக்கி நன்றாக ஓடவிடுங்கள். (தயிர்ச் சட்டியைத் திரும்பும்போது வாங்கலாம், சத்திக்காரியோடு வேண்டாம்!) அப்புறம் ஹபரணை வரை காடு. முதலில் யானையைக் காண்பவருக்கே யன்னல் பக்கம் என்று சொல்லுங்கள், சத்தமே இராது. கண்டாலும் இறங்க வேண்டாம்.

ஹபரணைக்குப் பிறகுதான் உண்மையான கரைச்சல். அங்கே கிலோமீற்றர் கல் கைகொடுக்கும். எண் குறைந்துகொண்டே வரும். அடுத்த கல்லை முந்திக் கண்டு வாசிப்பவருக்கு ஒரு புள்ளி. சின்னவன் தோற்றால் கள்ளப் புள்ளி போடுங்கள், சரியா?