வீட்டில் ஆர்கேட் பெட்டி கட்டுதல்: கேள்வி பதில்

ஆர்கேட் பெட்டி என்பது காசு போட்டு நின்றுகொண்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழு பெட்டிகள் கட்டியிருக்கிறேன். அவற்றுள் இரண்டை நானே பிரித்து விறகாக்கினேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கோவை): பக்கப் பலகைக்கான வரைபடம் கிடைத்துவிட்டது. பிளைவுட் வாங்குவதா, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வாங்குவதா?

பதில்: 18 மி.மீ. எம்.டி.எஃப். வெட்டும் இடத்தில் பிசிறின்றி வரும். வண்ணமும் கண்ணாடி போல் படியும். ஆனால் எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்றே ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். நம் வீடுகளில் தரையை அன்றாடம் ஈரத்துணியால் துடைக்கிறோம். அந்த ஈரத்தை அடி விளிம்பு உறிஞ்சி ஓராண்டுக்குள் பொரிபோல் உப்பிவிடும். ஆகவே ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் தர பிளைவுட்டை நான் விரும்புகிறேன். எதை வாங்கினாலும் பெட்டி தரையில் நேராக உட்காராதபடி அடியில் சக்கரமோ இரண்டங்குலக் காலோ வைத்துவிடுங்கள்.

வரைபடம் கிடைத்துவிட்டது என்ற உங்கள் முதல் வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பக்கப் பலகையிலிருந்து வேலையைத் தொடங்காதீர்கள். மானிட்டரின் அளவும் உங்கள் கைகளும்தான் பெட்டியின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். நான் விறகாக்கிய இரண்டு பெட்டிகளும் வரைபடத்தை அப்படியே பின்பற்றிக் கட்டியவை.

கேள்வி (மதுரை): கன்ட்ரோல் பேனல் (பொத்தான்களும் ஜாய்ஸ்டிக்கும் உள்ள பலகை) எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? பொத்தான்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பதில்: முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் போதும். மேசைமேல் புத்தகங்களை அடுக்கி, அட்டையை அவற்றின்மேல் வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்வரை உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். நின்று ஆடும் பெரியவர்களுக்குத் தரையிலிருந்து 95 முதல் 100 செ.மீ. வரை பெரும்பாலும் சரியாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு முக்காலி போடுங்கள். பிறகு வலக்கையை அட்டைமேல் தளர்வாக வைத்து விரல்நுனிகளைப் பேனாவால் குறியுங்கள். நடுவிரல் மற்ற விரல்களைவிட மேலே நிற்பதைக் காண்பீர்கள். பொத்தான் வரிசையும் அந்த வளைவிலேயே செல்ல வேண்டும். 30 மி.மீ. பொத்தான்களுக்கு மையத்திலிருந்து மையத்துக்கு 36 மி.மீ. அளவில் இடைவெளி விட்டால் கீழே நட்டுகள் ஒன்றோடொன்று இடிக்காது. அந்த அட்டையில் ஒட்டுப்பட்டையால் பொத்தான்களை ஒட்டி, அரைமணி நேரம் நின்று ஆடுவதுபோல் பாவனை செய்யுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பலரும் தடுக்கி விழும் இன்னோர் இடம் பலகையின் தடிமன். அழுத்திச் செருகும் வகைப் பொத்தான்கள் மெல்லிய உலோகத் தகட்டுக்காகச் செய்யப்பட்டவை; 18 மி.மீ. பலகையில் அவற்றின் கொக்கி பிடிக்காது. மரத்துக்கு நீண்ட மரையும் நட்டும் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். சான்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். போன்ற ஜாய்ஸ்டிக்கின், அதாவது திசைகாட்டும் கைப்பிடியின், தண்டும் அந்தத் தடிமனுக்குப் போதாது. அது உட்காரும் இடத்தில் பலகையின் அடிப்பக்கத்தை ரூட்டர் என்ற மரம் குடையும் கருவியால் குடைந்து மெல்லியதாக்க வேண்டும். ஹோல் சா என்ற துளை ரம்பத்தால் துளையிடும்போது பலகைக்கு அடியில் ஒரு வேண்டாத மரத்துண்டை இறுக்கிப் பிடியுங்கள். இல்லையென்றால் சன்மைக்கா பெயர்ந்து வரும்.

கேள்வி (ஈரோடு): ஆட்டங்களின் ரோம் கோப்புகளை (ஆட்டத்தின் நிரல் உள்ள கோப்புகளை) எங்கே இறக்கலாம்?

பதில்: அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. இங்கே சொல்ல மாட்டேன்.

கேள்வி (நாகர்கோவில்): பொத்தானின் அடியிலுள்ள மைக்ரோ சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கின்றன. எவற்றில் வயரை இணைப்பது?

பதில்: பொது முனை, அழுத்தினால் சேரும் முனை, அழுத்தினால் பிரியும் முனை என மூன்று. அவற்றின் மேல் காம், என்.ஓ., என்.சி. என்று பொறித்திருக்கும். ஒரே கறுப்பு வயரை எல்லா காம் முனைகளுக்கும் மாலை கோப்பதுபோல் கொண்டுசென்று, என்கோடரின் (பொத்தான் அழுத்தத்தைக் கணினிக்குத் தெரிவிக்கும் சிறு சர்க்யூட் பலகையின்) பொது இணைப்பில் சேருங்கள், ஒவ்வொரு என்.ஓ. முனையிலிருந்தும் தனி வயர் என்கோடருக்குச் செல்லட்டும். என் முதல் பெட்டியில் என்.சி. முனைகளில் இணைத்துவிட்டேன். மின்சாரம் கொடுத்ததும் ஆட்டம் தானாகவே தொடங்கியது, கப்பல் தானாகவே சுட்டது, பொத்தானை அழுத்தினால் சுடுவது நின்றது. வயரின் நுனியில் இறுக்கிப் பொருத்தும் கிரிம்ப் முனைகளில் 2.8 மி.மீ., 4.8 மி.மீ. என இரண்டு அகலங்கள் உண்டு. பொத்தானை அளந்துவிட்டு வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் வயர், முனை, பவர் சப்ளை எல்லாம் கிடைக்கும்.

கேள்வி (வேலூர்): பழைய பிக்சர் டியூப் டிவியைப் பிரித்துப் பெட்டிக்குள் பொருத்தலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். அணைத்த பிறகும் அந்தக் குழாய் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். பல டிவிகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸே நேரடியாக மின்கம்பியோடு தொடர்புள்ளது. பிளாஸ்டிக் கூட்டோடு அப்படியே ஒரு தட்டின்மேல் ஏற்றி, முன்னால் அட்டைச் சட்டம் வைத்து மறைத்து, ஏ.வி. வழியாகப் படம் கொடுங்கள். ஆட்டத்தை ஓட்டும் சிறு கணினியான ராஸ்பெர்ரி பையில், பை 4 வரை அதற்கான 3.5 மி.மீ. துளை உண்டு, பை 5-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி (திருநெல்வேலி): பாக்-மேன் ஆட்டத்துக்காக எல்.சி.டி. மானிட்டரை நெட்டாகத் திருப்பினேன். இடப்பக்கம் நிற்பவருக்கு நிறம் மங்குகிறது.

பதில்: அது டி.என். வகைத் திரை. அத்திரைகளை மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் மாறும். நெட்டாகத் திருப்பியதால் அந்தக் குறை இட வலமாக வந்துவிட்டது. அந்தக் குறை அதிகமில்லாத ஐ.பி.எஸ். வகைத் திரை வாங்குங்கள். பாக்-மேனின் படம் 224-க்கு 288 புள்ளிகள் என்ற நெட்டு வடிவம் என்பதால் நீங்கள் திருப்பியது சரியே.

கேள்வி (தஞ்சாவூர்): நாணயக் கதவைத் தொட்டால் சுருக்கென்கிறது.

பதில்: எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை பெட்டிக்குள் மின்கம்பிக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உள்ளன. மூன்றாவது முள் வேலை செய்யாவிட்டால் கூடு முழுவதும் மின்னழுத்தத்தில் பாதியளவு நிற்கும். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், சுவரிலுள்ள எர்த்தை மின் பணியாளரைக் கொண்டு சோதியுங்கள், கதவுக்கும் தனி எர்த் வயர் கொடுங்கள்.

கேள்வி (சேலம்): எட்டுத் திசை ஜாய்ஸ்டிக் ஒன்றே எல்லா ஆட்டங்களுக்கும் போதும்தானே?

பதில்: போதாது. 1980-இல் வந்த பாக்-மேனும் 1981-இல் வந்த டாங்கி காங்கும் நான்கு திசைக்காகவே செய்யப்பட்டவை. தண்டின் அசைவைக் கட்டுப்படுத்தும் நான்கு திசைத் தடுப்புத் தகடு மூலைகளுக்குத் தண்டைப் போகவிடாது. ஒரு நேரத்தில் ஒரு சுவிட்சுதான் மூடும். எட்டுத் திசையில் மூலைவிட்டமாகத் தண்டு சரிந்தால் இரண்டு சுவிட்சுகள் சேர்ந்து மூடுகின்றன. டாங்கி காங்கில் ஏணியின் அடியில் நின்று மேலே தள்ளும்போது கை சற்று வலப்பக்கம் சாய்ந்தால், ஏறுவதா நடப்பதா என்ற முடிவு உங்கள் கையில் இல்லை.

கேள்வி (திருச்சி): ஐயா, மிகைப்படுத்துகிறீர்கள். நான் பத்து ஆண்டுகளாக எட்டுத் திசையில்தான் பாக்-மேன் ஆடுகிறேன். ஒரு குறையும் இல்லை.

பதில்: குறை தெரியாதது வேறு, இல்லாதது வேறு. பாக்-மேனில் திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே திசையைத் தள்ளிவிட்டால் அவன் மூலையை அறுத்துக்கொண்டு திரும்புவான். பேய்களால் அப்படித் திரும்ப முடியாது. துரத்தும் பேயிடமிருந்து தப்பும் வழியே அதுதான். தண்டு ஒரு கணம் மூலைவிட்டத்தில் தங்கினால் அந்த முன்னேற்றம் போய்விடும்.

கேள்வி (திருச்சி, மீண்டும்): பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும், 1997-இல் வந்த மேம் மென்பொருளே இதைச் சரிசெய்யாதா?

பதில்: இரண்டு திசைகள் சேர்ந்து வந்தால் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். உங்கள் கை எதை நினைத்தது என்பது அதற்குத் தெரியாது.

கேள்வி (சிங்கப்பூர்): அப்படியானால் எல்லாவற்றையும் நான்கு திசையாக்கிவிடலாமே?

பதில்: 1991-இன் சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ஹடோக்கென் என்ற ஆற்றல் பந்தை வீச, கீழே, கீழ்மூலை, முன்னே என்று தண்டை உருட்டி, குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். கீழ்மூலையை அடைத்துவிட்டால் அந்த வித்தை வரவே வராது. இடமிருந்தால் நடுவில் ஒரு சிறிய நான்கு திசைத் தண்டும் இருபுறமும் எட்டுத் திசைத் தண்டுகளும் வையுங்கள். இடமில்லையெனில் ஜே.எல்.எஃப். தண்டின் தடுப்புத் தகட்டைக் கழற்றி 45 பாகை திருப்பிச் செருகினால் அதுவே நான்கு திசையாகும். எதைச் செய்வதற்கும் முன் அட்டையில் இடம் பாருங்கள்.

கேள்வி (மூவர் கேட்டது): ராஸ்பெர்ரி பையா, கணினியா? ரோம் எங்கே கிடைக்கும்?

பதில்: 1980களின் ஆட்டங்களுக்கு பை 4 போதும், பழைய அலுவலகக் கணினி இருந்தால் அதுவும் போதும். இரண்டாவதற்கு ஈரோட்டாருக்குச் சொன்னதே பதில்.

கேள்வி (காரைக்குடி): 5 ரூபாய் நாணயம் போட்டால் ஆட்டம் தொடங்குமாறு செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பழைய 5 ரூபாய் 9 கிராம், பின்னர் வந்தது 6 கிராம். மாதிரி நாணயத்தோடு ஒப்பிடும் கருவி இரண்டில் ஒன்றைத் துப்பிவிடும். வீட்டுக்கு ஒரே வகை டோக்கன் வைத்துக்கொள்வது எளிது.

கேள்வி (திருச்சி): தகட்டைத் திருப்பிவிட்டேன். பாக்-மேன் நன்றாக இருக்கிறது. ஆனால் ஹடோக்கென் வரமாட்டேன் என்கிறது.

பதில்: மீண்டும் 45 பாகை திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் எட்டுத் திருகுகளைக் கழற்ற வேண்டியிராதபடி கன்ட்ரோல் பேனலின் பின்விளிம்பில் கீல் போட்டு, பெட்டி மூடிபோல் திறக்குமாறு செய்துகொள்ளுங்கள். கீலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அட்டையில் பாருங்கள்.