“அம்மா களைச்சுப் போனால் இதைத்தான் குடிப்பா”

கேள்வி: அன்புள்ள அக்கா, திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். வயது 33, வங்கியில் வேலை. மகளுக்கு ஆறு வயது, மகனுக்குப் பத்து மாதம், இன்னும் பால் கொடுக்கிறேன். மகளின் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் ஆறு பேர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஏழு மாதத்துக்கு முன் எங்களில் ஒருத்தியின் மச்சாள் லண்டனிலிருந்து வந்தபோது வைன் கொண்டுவந்தா. அதிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவோம். ஆளுக்கு இரண்டு கிளாஸ், அவ்வளவுதான். இப்போது கிழமை நாட்களிலும் பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகு எனக்கு அந்த நினைவு வருகிறது. இரண்டு மூன்று தடவை தனியாகவும் குடித்தேன். போன வாரம் மகள் விளையாட்டுச் சாமானில் நெல்லி ஜூஸை ஊற்றி பொம்மைக்குக் கொடுத்து, “அம்மா களைச்சுப் போனால் இதைத்தான் குடிப்பா” என்றாள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. சிநேகிதிகளிடம் சொன்னால், “இப்ப எல்லா அம்மாவும் குடிக்கினம், நீ ஏன் பயப்படுகிறாய்” என்கிறார்கள். என் கணவர் ஒன்றுவிட்ட ஒருநாள் குடிக்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை. நான் செய்வது பிழையா? – பெயர் வேண்டாம்.

பதில்:

தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்றுக்குத்தான் முதலில் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அது இன்று இரவுக்கே தேவை. நான் 27 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போனவள். பால் குடிக்கிற பிள்ளை என்று வாசித்ததும் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது.

நீங்கள் குடிப்பது உங்கள் இரத்தத்தில் எவ்வளவு கலக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு பாலிலும் கலக்கும். குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போகும். 150 மில்லி வைன் உடம்பை விட்டுப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டால் சரி என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. இரத்தத்தில் இருக்கும்வரை புதிதாகச் சுரக்கிற பாலிலும் அது இருக்கும். இன்னொன்று, “இரண்டு கிளாஸ்” என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தக் கிளாஸ்? எங்கள் வீடுகளில் இருக்கிற தண்ணீர்க் கிளாஸ் 250 மில்லி பிடிக்கும். அதில் இரண்டு என்றால், 150 மில்லிக் கணக்கில் மூன்றுக்கும் மேல். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தால் விடிய மூன்று, நான்கு மணி வரைக்கும் அது உங்கள் பாலில் இருக்கும். இடையில் மகன் எத்தனை தரம் எழும்பிப் பாலுக்கு அழுகிறான் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதைவிட எனக்குப் பயம் படுக்கையை நினைத்துத்தான். எங்கள் வீடுகளில் பிள்ளை அம்மாவோடுதான் படுக்கும், பிள்ளை கொஞ்சம் அசைந்தாலே அம்மாவுக்கு முழிப்பு வந்துவிடும். குடித்த உடம்புக்கு அந்த முழிப்பு வராது. பிள்ளையின் முகத்தில் தலையணை விழுந்தாலும் தெரியாது, தன் கை விழுந்தாலும் தெரியாது. ஆகவே இப்போதைக்கு ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். ஒரு வாய் குடித்திருந்தாலும் அன்று இரவு மகனோடு ஒரே பாயில் படுக்க வேண்டாம். அவனுக்குப் பக்கத்திலேயே வேறு படுக்கை போடுங்கள், வீட்டில் குடிக்காத ஒருவர் கவனிக்கட்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கணவரைக் கேட்காத ஊர் உங்களை மட்டும் கேட்கும் என்பது அநியாயம்தான். அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. எங்கள் நாட்டில் பெண்ணுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1955 இலேயே சட்டம் வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்கள். வளர்ந்த ஒரு பெண் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று கடைக்காரர் தீர்மானிக்கிற சட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. “பொம்பிளை குடிக்கிறதா” என்று உங்களைத் திட்டுகிற ஆளும் நான் இல்லை. அந்தத் திட்டுக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்து கெட்டுப் போனார்கள். ஆனால் கணவருக்குச் சமமாக நிற்க ஆயிரம் இடம் இருக்கும்போது, போத்தலில் ஏன் சமம் தேட வேண்டும்?

“எல்லா அம்மாவும் குடிக்கினம்” என்ற பேச்சைப் பார்ப்போம். எந்த எல்லாரும்? நீங்கள் மகனுக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போகிறீர்களே, அங்கே வாங்கில் வரிசையாக இருக்கிற அம்மாமாரை நினைத்துப் பாருங்கள். லிங்கநகரில் இருந்து, பாலையூற்றில் இருந்து, திருக்கடலூரில் இருந்து வருகிறவர்கள். அவர்களில் எத்தனை பேர் குடிப்பார்கள்? இலங்கையில் குடிக்கிற பெண்கள் மிகக் குறைவு. உங்கள் “எல்லாரும்” ஆறு பேர்தான், தங்கச்சி. அந்த ஆறு பேரும் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லி அதை வழக்கமாக்கி வைத்திருக்கிறீர்கள்.

இந்தப் பேச்சு எங்கள் ஊரில் முளைத்ததும் இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பத்துப் பதினைந்து வருடமாக இது நடக்கிறது. பிள்ளை படுத்துவிட்டது, இனி அம்மாவுக்கு வைன் நேரம் என்று கோப்பைகளில் எழுதி விற்கிறார்கள். “என்னால்தான் அம்மா குடிக்கிறா” என்று எழுதிய சட்டையைக் கைக்குழந்தைக்குப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து அதை வாசிக்கும்போது என்ன நினைக்கும் என்று எனக்கு மனம் வலிக்கிறது. 2011 இல் அமெரிக்காவில் இரண்டு வைன் கம்பனிகள் போத்தலின் பெயரில் “அம்மா” என்ற சொல்லை யார் பாவிப்பது என்று நீதிமன்றம் வரைக்கும் போயின. அம்மாவின் களைப்பு அவ்வளவு பெரிய சந்தை. இங்கே 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி மதுபானத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது. ஆனால் லண்டன் மச்சாள் அனுப்புகிற படத்துக்கும், நீங்கள் குழுவில் போடுகிற கிளாஸ் படத்துக்கும் தடை இல்லையே. கம்பனிக்கு ஒரு சதமும் செலவில்லாமல் அந்த வேலையை அம்மாமாரே செய்து கொடுக்கிறார்கள்.

“அந்தக் காலத்திலும் பிள்ளை பெற்றவளுக்குப் பிரண்டி கொடுத்தார்கள்தானே” என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். கொடுத்தார்கள், உண்மைதான். என் அம்மம்மா முட்டைக்கோப்பி அடிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நாட்டுக்கோழி முட்டையைச் சீனியோடு நுரைக்க அடித்து, கொதிக்கிற கோப்பியை மெல்ல ஊற்றி, கடைசியில் அலுமாரியைத் திறந்து பிரண்டிப் போத்தலை எடுத்து ஒரு கரண்டி விடுவா. விட்டதும் பூட்டிவிடுவா, சாவி இடுப்பில் இருக்கும். பால் கொடுக்கிறவளுக்கு அந்த ஒரு கரண்டியும் தேவையில்லை என்றுதான் நான் வேலைக்குப் போன வீடுகளில் சொல்லி வந்தேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அந்தக் கோப்பையோடு வேறு என்னவெல்லாம் வந்தது என்று பாருங்கள். பத்தியக் கறி வந்தது, வேது தண்ணீர் வந்தது, பிள்ளையைத் தூக்க ஒரு மாமி வந்தா, உடுப்புத் தோய்க்க ஒரு சித்தி வந்தா. பெற்றவள் படுத்திருந்தாள். இன்று உங்களுக்கு மாமியும் இல்லை, சித்தியும் இல்லை, போத்தல் மட்டும் வந்திருக்கிறது.

எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். குடிப்பது பெண்ணுக்கு அழகா இல்லையா என்பது என் கவலை இல்லை. உங்களுக்குக் கிடைக்க வேண்டிய உதவிக்குப் பதிலாக ஒரு கிளாஸைக் கையில் தந்துவிட்டு, அதற்கு “அம்மாவின் சொந்த நேரம்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிளாஸ் வந்தபிறகு உதவி ஏன் வரவில்லை என்று நீங்களும் கேட்பதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை.

களைப்புக்காவது அது உதவுகிறதா? இல்லை. குடித்தால் படுத்தவுடன் நித்திரை வரும், ஆனால் பின்னிரவில் அந்த நித்திரை குலையும். இரண்டு மூன்று மணிக்கு முழிப்பு, தொண்டை காய்தல், காரணமில்லாத ஒரு படபடப்பு. அடுத்த நாள் இன்னும் களைப்பு, அன்று இரவு இன்னும் ஆசை. கிழமை நாட்களில் உங்களுக்கு வருகிற அந்த “நினைவு” இப்படித்தான் வளர்கிறது.

பெண் உடம்பில் தண்ணீர்ப் பங்கு குறைவு. அதனால் ஒரே அளவு குடித்தாலும் ஆணைவிடப் பெண்ணின் இரத்தத்தில் கூடுதலாக ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இலேயே மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பட்டியலில் சேர்த்தது. மதுவால் மார்பகப் புற்றுநோயும் வரும் என்று 2007 இல் சேர்த்துச் சொன்னது. வைன் என்பதால் அதற்கு விலக்கு இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார வைத்தியர் வெளியிட்ட அறிவுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. கிழமைக்கு ஒரு கிளாஸும் குடிக்காத 100 பெண்களில் 17 பேருக்கு மதுவோடு தொடர்புள்ள புற்றுநோய்களில் ஒன்று வாழ்நாளில் வரக்கூடும். நாளுக்கு ஒன்று குடித்தால் 19 பேர். இரண்டு குடித்தால் 22 பேர். பயமுறுத்தச் சொல்லவில்லை. லண்டன் மச்சாள் போத்தலைத் தந்தபோது இந்தக் கணக்கையும் சேர்த்துத் தந்திருக்க மாட்டா என்பதால் சொல்கிறேன்.

ஒரு வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முந்திய கதை, இடத்தைச் சொல்ல மாட்டேன். படித்த பெண், கெட்டிக்காரி, இரண்டாவது பிள்ளை பிறந்து நான்கு மாதம். நான் எப்போது போனாலும் வீடு பளிச்சென்று இருக்கும், அவள் வாயில் ஏலக்காய் மணக்கும். பிள்ளையின் நிறை மட்டும் ஏறவில்லை. மூன்று தரம் அட்டையில் குறித்துவிட்டு வந்தேன், ஏலக்காயை நான் யோசிக்கவே இல்லை. நாலாம் தரம் தராசில் இருந்த பிள்ளையை அவள் தூக்கும்போது கை நடுங்கியது. “மிஸ், நித்திரைக்குத்தான்” என்றாள். வேறொன்றும் நான் கேட்கவில்லை, அவளே எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்து நெடுநேரம் அழுதாள். அவளுடைய அம்மா மூதூரில் இருந்து வந்து மூன்று மாதம் கூட இருந்தா, இரவில் பிள்ளையை வாங்கிக்கொண்டா. வைத்தியரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வருகிற மனச்சோர்வு என்றார், மருந்து தந்தார். அவள் மீண்டு வந்தாள். அந்த மூன்று தரமும் எனக்குப் புரியாமல் போனதே என்பது இன்றும் எனக்குள் இருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்ததும் அதனால்தான்.

நீங்கள் அந்த இடத்தில் இல்லை. ஆனால் “தனியாகவும் குடித்தேன்” என்ற இரண்டு சொல்லை எழுத உங்களுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனிச் செய்ய வேண்டியது. மகன் பால் மறக்கும் வரைக்கும் வேண்டாம் என்று முழுதாக விட்டுப் பாருங்கள். விடும்போது கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் நீங்களாகச் சமாளிக்க நினைக்காமல் வைத்தியரிடம் போங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தை விட வேண்டாம், சிநேகிதிகள் உங்களுக்கு வேண்டும். இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு டச்பே கடற்கரை, கையில் கச்சான் சுருள், பிள்ளைகள் மணலில். ஆறு பேருக்கும் ஒரேயடியாக அறிவிக்க வேண்டாம். உங்களுக்கு நெருக்கமான ஒருத்தியிடம் மட்டும் மகளின் நெல்லி ஜூஸ் கதையை முதலில் சொல்லுங்கள். அவள் வீட்டிலும் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

கணவரோடு அவர் குடிக்காத ஒருநாளில் கதையுங்கள். “நீங்கள் குடிக்கலாம், நான் குடிக்கக் கூடாதா” என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும். “கிழமைக்கு மூன்று இரவு மகனை நீங்கள் பாருங்கள், எனக்கு ஆறு மணி நேரம் ஒரே நித்திரை வேண்டும்” என்று கணக்காகக் கேளுங்கள். பீய்ச்சி வைத்த பாலைக் கொடுக்க அவருக்கும் இரண்டு கை இருக்கிறது. அந்த மூன்று இரவும் அவரும் குடிக்க முடியாது, அதையும் வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் மனம் கனத்தே கிடந்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது பொது வைத்தியசாலைக்குப் போய் வைத்தியரிடம் சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமென்றால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவிச் சேவை.

மகளிடம் எதையும் மறைத்துப் பூச வேண்டாம், ஆறு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். மடியில் இருத்தி, “அம்மா அதைக் குடித்தது பிழை, அது களைப்புக்கு மருந்தில்லை, இனி அம்மா களைச்சுப் போனால் படுப்பா, நீ அப்பாவிடம் போ” என்று சொல்லுங்கள். சொன்ன அன்றைக்கே போய்ப் படுங்கள். மணி எட்டானாலும் சரி, குசினியில் பாத்திரம் கழுவாமல் கிடந்தாலும் சரி.