ஆயத்தொலைவு முறை தெரியாத கோப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் ஷேப்ஃபைல் (வரைபடத் தரவுக் கோப்பு) ஒன்றைத் திறந்தால், அடுக்கின் பெயரருகே கேள்விக்குறி தோன்றுகிறது. கோப்பு பழுதாகிவிட்டதா?

பதில்: இல்லை. எண்கள் இருக்கின்றன, அவை எந்த ஆயத்தொலைவு முறையில் (இடங்களை எண்களால் குறிக்கும் முறையில்) அமைந்தவை என்று சொல்லும் பிஆர்ஜே கோப்புதான் உடன் வரவில்லை. அனுப்பியவரிடம் அதைக் கேட்டு வாங்குவதே முதல் வேலை.

கேள்வி: கேட்க ஆளில்லை. எண்களைக் கொண்டே கண்டுபிடிக்க இயலுமா?

பதில்: ஓரளவு இயலும். அடுக்கின் எல்லை மதிப்புகளைப் பாருங்கள். ஒன்று 180-க்குள்ளும் மற்றொன்று 90-க்குள்ளும் அடங்கினால், அவை பெரும்பாலும் பாகையில் அமைந்த தீர்க்கரேகை, அட்சரேகை மதிப்புகளே. கிழக்குத் திசை மதிப்பு ஆறு இலக்கமாக இருந்தால் யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) என்று ஐயுறலாம். ஆனால் அதன் 60 மண்டலங்களிலும் நடுக்கோட்டின் மதிப்பு ஒரே 5,00,000 மீட்டர்தான் என்பதால், எந்த மண்டலம் என்பதை எண்கள் ஒருபோதும் சொல்லமாட்டா. தரவு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த முடிச்சு அவிழும்.

கேள்வி: யூடிஎம் அடுக்குக்கு ஈபிஎஸ்ஜி 4326 (பாகையில் அமைந்த முறையின் குறியீட்டு எண்) என்று குறித்தேன். பாகைக்கு மாறாமல் அடுக்கே காணாமற்போயிற்று.

பதில்: நீங்கள் மாற்றியது பெயர்ச்சீட்டை மட்டுமே; மீட்டர் மதிப்புகளைப் பாகை என்று மென்பொருள் நம்பிவிட்டது. முதலில் உண்மையான முறையைக் குறித்து, பிறகு வேறு முறையில் புதிய கோப்பாகச் சேமியுங்கள். போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில், பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும் எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி, மதிப்புகளையே மாற்றும் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

கேள்வி: சிஎஸ்வி கோப்பிலிருந்து வந்த புள்ளிகள் வேறொரு கண்டத்தில் விழுகின்றன.

பதில்: எக்ஸ், ஒய் நிரல்கள் இடம் மாறியிருக்கும். எக்ஸ் என்பது தீர்க்கரேகை.

கேள்வி: எல்லாம் சரியாகவே பொருந்துகிறது, ஆனால் சாலைகள் மட்டும் ஒரே திசையில் நூறு மீட்டர் அளவுக்கு விலகி நிற்கின்றன.

பதில்: டேட்டம் (புவியின் வடிவத்தையொட்டி ஆயத்தொலைவுகளை நிலைநிறுத்தும் அடிப்படை) தவறாக இருக்கலாம். ஐரோப்பிய டேட்டம் 1950-ஐ, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 டேட்டம் என்று கொண்டால் ஏறத்தாழ இவ்வளவு விலகல் வரும். மண்டலம் தவறினால் அடுக்கு ஆறு பாகை தள்ளி விழுந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். டேட்டம் தவறினாலோ சத்தமில்லாமல் அறிக்கை வரை போய்விடும் என்பதால், நான் அஞ்சுவது இந்தச் சிறிய பிழையைத்தான். அடுக்கைக் கையால் நகர்த்திப் பொருத்திவிடாதீர்கள். சரியான டேட்டத்தைக் குறித்து, தெளிவாகத் தெரியும் சில சந்திப்புகளில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: முறை தெரியாத அடுக்குகளுக்குத் திட்டத்தின் முறையே தானாக அமையும்படி செய்துவிடலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் வேண்டாம். அப்படிச் செய்தால் கேள்விக்குறி மறைந்து, ஊகம் உண்மைபோலவே திரையில் நிற்கும். க்யூஜிஐஎஸ் அமைப்புகளில் ‘தெரியாததாகவே விடு’ என்ற தேர்வை வைத்திருங்கள்.